கேம்பர்வேனா, காரும் மோட்டலுமா? மூன்று வயதுக் குழந்தையோடு நியூசிலாந்துத் தென் தீவு

நியூசிலாந்தின் தென் தீவைத் தாமே வண்டி ஓட்டிச் சுற்றிப் பார்க்க நினைக்கும் எந்தக் குடும்பமும், விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே ஒரு கேள்வியில் வந்து நின்றுவிடுகிறது. படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாவற்றையும் தன்னுள்ளே சுமந்து செல்லும் கேம்பர்வேனை எடுப்பதா, அல்லது ஒரு சாதாரணக் காரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஊருக்கு ஊர் அறை பிடித்துத் தங்குவதா என்பதே அது. கணவனும் மனைவியும் மட்டும் போவதாக இருந்தால் இதில் பெரிய சிந்தனைக்கு இடமில்லை. எது பிடிக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம், இரண்டிலும் மலைகளும் ஏரிகளும் ஒன்றேதான். ஆனால் பின்னிருக்கையில் மூன்று வயதுக் குழந்தை இருக்கும்போது, வாடகைப் பட்டியலில் கண்ணுக்குத் தெரியாத சில விஷயங்கள் முழுப் பயணத்தையும் தீர்மானித்துவிடுகின்றன.

நாங்கள் மூன்றரை வயது மகளோடு டிசம்பர் தொடக்கத்தில் பன்னிரண்டு இரவுகள் சென்றபோது, இரண்டையும் சோதித்துப் பார்க்கும் எண்ணத்தோடு முதல் ஐந்து இரவுகளுக்குக் கேம்பர்வேனை எடுத்து, அதைக் குயின்ஸ்டவுனில் ஒப்படைத்துவிட்டு, எஞ்சிய ஏழு இரவுகளுக்குக் காரும் மோட்டல் அறைகளுமாக மாற்றிக்கொண்டோம். அதனால் ஒரே குழந்தை, ஒரே பருவம், ஏறக்குறைய ஒரே வகைச் சாலை என்ற நிலையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. புறப்படும்போது செலவுதான் முடிவைத் தரும் என்று எண்ணியிருந்தோம். உண்மையில் முடிவைத் தந்தவை இரண்டே கேள்விகள்: வண்டி ஓடும்போது குழந்தையின் பக்கத்தில் யார், எப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது ஒன்று, குழந்தை உறங்கிய பிறகு பெற்றோர் எங்கே இருக்கிறார்கள் என்பது மற்றொன்று.

கேம்பர்வேனின் நன்மைகளை முதலில் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அவை சிறியவை அல்ல. சிறு குழந்தைக்கு ஒவ்வோர் இரவும் புதிய அறை, புதிய கட்டில், புதிய இருட்டு என்பது பெரிய தொல்லை. கேம்பர்வேனில் ஊர்தான் மாறுகிறதே தவிரப் படுக்கை மாறுவதில்லை, தலையணையின் மணம்கூட மாறுவதில்லை. கழிப்பறைப் பழக்கத்தைப் புதிதாகக் கற்றுக்கொண்ட குழந்தை, அடுத்த ஊர் நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இடத்தில்தான் 'இப்போதே' என்று சொல்லும். அப்போது சாலையோரம் ஒதுக்கி நிறுத்தி, நான்கடி பின்னால் நடந்து போனால் கழிப்பறை இருக்கிறது என்பதன் அருமை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். புக்காக்கி ஏரியின் கரையில், பால் கலந்த நீலத்தில் தண்ணீர் ஒரு பக்கம், 3,724 மீட்டர் உயர அவோராக்கி மவுன்ட் குக் எதிர்ப்பக்கம் என்றிருக்க, மகள் பின்கட்டிலில் மதியத் தூக்கம் தூங்கிய ஒன்றரை மணி நேரமும் நாங்கள் மடக்கு நாற்காலியில் தேநீரோடு உட்கார்ந்திருந்தோம். கார்ப் பயணத்தில் இதற்கு ஈடான ஒரு மதியம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

சிக்கல் வண்டி ஓடத் தொடங்கும்போது ஆரம்பிக்கிறது. ஏழு வயது நிறையாத குழந்தை, அங்கீகரிக்கப்பட்ட குழந்தை இருக்கையில்தான் பயணம் செய்ய வேண்டும் என்பது நியூசிலாந்துச் சட்டம். மடியில் வைத்துக்கொள்வது என்ற நம் ஊர் வழக்கத்துக்கு அங்கே இடமே கிடையாது. காரின் பின்னிருக்கையில் இது ஐந்து நிமிட வேலை. கேம்பர்வேனில் அப்படியல்ல. இருவர் படுக்கும் சிறிய வண்டிகள் பலவற்றில் ஓட்டுநருக்குப் பின்னால் சட்டப்படி உட்காரத் தக்க இருக்கையே இராது. பெரிய வண்டிகளிலும் எல்லா இருக்கைகளிலும் குழந்தை இருக்கையைப் பொருத்த முடியாது. குறிப்பாக ஆஸ்திரேலிய–நியூசிலாந்துத் தர நிர்ணயப்படி செய்த இருக்கைகளுக்கு, முதுகுப் பக்கம் மேலிருந்து வரும் பட்டையைக் கொக்கியில் மாட்டியாக வேண்டும். அந்தக் கொக்கி இருக்கும் இடத்தில் மட்டுமே இருக்கையை வைக்கலாம். எங்களுக்கு வண்டி கொடுத்த நிறுவனம், முன்பதிவின்போது 'குழந்தை இருக்கை உண்டு' என்று எழுதியிருந்தது. அங்கே போய்ப் பார்த்தால் கொக்கி இல்லாத இருக்கையில் அதை வைத்துப் பெல்ட்டால் கட்டியிருந்தார்கள். வேறு வண்டி வரும் வரை மூன்று மணி நேரம் அலுவலகத் தரையில் மகளோடு விளையாடிக்கொண்டிருந்தோம். ஆகவே, கேம்பர்வேன் எடுப்பவர்கள் 'குழந்தை இருக்கை கிடைக்குமா' என்று கேட்கக் கூடாது. 'எந்த மாதிரி வண்டியில், எந்த இருக்கையில், கொக்கியோடு பொருத்தித் தருவீர்கள்' என்று எழுத்தில் கேட்டுப் பதில் வாங்க வேண்டும். ஐரோப்பிய ஒழுங்குமுறையின் 'ஈ' முத்திரை பதித்த இருக்கைகளும் அங்கே செல்லும் என்பதால், சொந்த இருக்கையில் அந்த முத்திரை இருந்தால் காரில் செல்பவர்கள் அதையே கொண்டுபோய்விடலாம்.

சரியான வண்டி கிடைத்த பிறகும் தீராத குறை ஒன்று உண்டு. கேம்பர்வேனில் குழந்தையின் இருக்கை, ஓட்டுநர் இருக்கையிலிருந்து வெகு தூரத்தில், சாப்பாட்டு மேசையை ஒட்டி இருக்கிறது. அங்கே குழந்தையைத் தனியே விட முடியாது. இருவரில் ஒருவர் பின்னால் போய் உட்கார்ந்தாக வேண்டும். அப்படி உட்காருபவருக்கு முன்கண்ணாடி வழியே சாலை தெரிவதில்லை. பக்கச் சன்னல் வழியே மலை விலகிப் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் தலை சுற்றும். தட்டு, கரண்டி, பாத்திரம் எல்லாம் அலமாரிக்குள் கலகலத்துக்கொண்டே வருவதால் முன்னால் இருப்பவரோடு பேசவும் கத்த வேண்டும். தென் தீவைப் பார்க்க வந்த இருவரில் ஒருவர், ஓட்டுபவரைத் தவிர்த்த அந்த ஒரே பெரியவர், பாதிப் பயணத்தைப் பின்பக்கத்துப் பெட்டியில் கழிப்பது என்பது எந்த விளம்பரப் படத்திலும் வராது. காரில் முன்னிருக்கையிலிருந்தே திரும்பி ஒரு பிஸ்கட்டை நீட்டினால் போதும்.

இரவு இதைவிடக் கடினம். டிசம்பரில் தென் தீவின் உட்பகுதியில் ஒன்பது மணிக்குப் பிறகுதான் சூரியன் மறைகிறது. பத்து மணியை ஒட்டியும் வெளிச்சம் மிச்சமிருக்கும். வண்டியின் மெல்லிய திரைகளால் அதைத் தடுக்க முடிவதில்லை, எட்டு மணிக்கு உறங்கப் பழகிய குழந்தைக்கு 'இரவாகிவிட்டது' என்று சொன்னால் நம்புவதற்கு ஒரு காரணமும் இல்லை. அதன் மேல் நேர வித்தியாசம் சேர்கிறது. கோடைக் கால நேரப்படி நியூசிலாந்து இந்தியாவைவிட ஏழரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. எங்கள் மகளின் உடம்புக் கடிகாரப்படி அங்கே இரவு இரண்டு மணி என்பது மாலை ஆறரை, அதாவது பூங்காவுக்குப் போகும் நேரம். முதல் மூன்று இரவுகள் அவள் அந்நேரத்தில் சிரித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். ஒரே அறையான வண்டிக்குள் ஒருவர் விழித்தால் எல்லாரும் விழித்ததாகத்தான் பொருள். மறுநாள் வண்டி ஓட்ட வேண்டியவரும் அதில் அடக்கம். பின்னர் டெ அனாவ் என்ற ஏரிக்கரை ஊரின் மோட்டலில் தனிப் படுக்கையறை இருந்ததால், ஒருவர் குழந்தையோடு கூடத்தில் விழித்திருக்க மற்றவர் கதவைச் சாத்திக்கொண்டு தூங்க முடிந்தது. அறைக்கும் அறைக்கும் நடுவில் ஒரு கதவு என்பதற்கு இவ்வளவு மதிப்பு உண்டு என்று அதற்கு முன் நாங்கள் நினைத்ததில்லை.

குழந்தை உறங்கிய பிறகு பெற்றோருக்கு ஒன்றரை மணி நேரம் மிஞ்சும். அன்றைய களைப்பைப் பேசித் தீர்ப்பதும் மறுநாள் வழியைப் பார்ப்பதும் அப்போதுதான். கேம்பர்வேனில் அந்த நேரம் இருட்டில் கிசுகிசுப்பதாகவோ, குளிரில் வெளியே உட்காருவதாகவோ ஆகிவிடுகிறது. சாப்பாட்டு மேசையையே இறக்கி மெத்தை பரப்பிக் கட்டிலாக்கும் வகை வண்டியாக இருந்தால், உட்காருவதற்கான இடமே போய்விடும். டெக்கபோ பகுதி 2012 முதல் உலகறிந்த இருள்வானக் காப்பகமாக இருப்பதால் நட்சத்திரம் பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: டிசம்பரில் முழு இருட்டு வருவதற்கு நள்ளிரவு நெருங்கிவிடும். சிறு குழந்தையோடு விண்மீன் பார்க்க விரும்பினால் ஏப்ரலில் வர வேண்டும்.

இவற்றோடு ஒப்பிட்டால் வண்டிப் பராமரிப்பு வேலைகள் சிறியவையே, ஆனாலும் அன்றாடம் வருபவை. நல்ல தண்ணீர் நிரப்புவது, கழுவிய தண்ணீரை அதற்கென அமைத்த இடத்தில் வடிப்பது, கழிப்பறைப் பெட்டியைக் கழற்றிக் கொட்டுவது, மின்கம்பியை மாட்டுவது, கழற்றுவது. தங்கிய இடத்திலிருந்து ஒரு பாக்கெட் பால் வாங்கப் போவதாக இருந்தாலும் மேசையில் இருக்கும் எல்லாவற்றையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வீட்டையே ஓட்டிக்கொண்டு போக வேண்டும்.

'எங்கே வேண்டுமானாலும் நிறுத்தித் தூங்கலாம்' என்ற நம்பிக்கையையும் சற்றுக் குறைத்துக்கொள்வது நல்லது. 2011 ஆம் ஆண்டுச் சட்டமும், அதைக் கடுமையாக்கிய 2023 ஆம் ஆண்டுச் சட்டமும் சேர்ந்து, உள்ளூராட்சி இடங்களில் இலவசமாக இரவு தங்குவதைப் பெரும்பாலும், நிலையாகப் பொருத்திய கழிப்பறையும் அதற்கான பச்சைச் சான்று வில்லையும் கொண்ட வண்டிகளுக்கு மட்டும் என்றாக்கிவிட்டன. சான்று இருந்தாலும் அந்தந்த உள்ளூராட்சியின் விதி வேறு; குயின்ஸ்டவுன், வனாகா பக்கம் கட்டுப்பாடு மிகுதி. இயற்கைப் பாதுகாப்புத் துறையின் முகாம்கள் அழகானவை, கட்டணமும் குறைவு. மவுன்ட் குக் அடிவாரத்தில் உள்ள ஒயிட் ஹார்ஸ் ஹில் முகாமிலிருந்து கியா பாயின்ட் வரை போய்வர ஒரு மணி நேரம் நடந்தால் போதும் என்பதால், மூன்று வயதுக் கால்களுக்கும் அது எட்டும். ஆனால் அங்கே மின் இணைப்பு இல்லை. குழந்தையைக் குளிப்பாட்டவும், இரவில் சூடேற்றவும், ஈரத் துணிகளை உலர்த்தவும் ஹாலிடே பார்க் எனப்படும் கட்டண முகாம்களுக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

செலவுக் கணக்கு இங்கேதான் திரும்புகிறது. கேம்பர்வேனின் நாள் வாடகை, நடுத்தரக் காரின் வாடகையைவிடப் பல மடங்கு. கிறிஸ்துமஸ் முதல் ஜனவரி இறுதி வரை அது இன்னும் ஏறும், குறைந்தபட்ச நாட்கள் என்ற நிபந்தனையும் சேரும். அதன் மேல் ஹாலிடே பார்க்கில் மின் இணைப்புள்ள இடத்துக்கு ஒவ்வோர் இரவும் கட்டணம். எரிபொருள் காருக்கு ஆவதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. டீசல் வண்டி என்றால், ஓடிய கிலோமீட்டருக்கு ஏற்பச் சாலைப் பயன்பாட்டுக் கட்டணம் ஒன்றும் உண்டு. அதை வாடகையில் சேர்த்திருக்கிறார்களா, ஒப்படைக்கும்போது தனியே கேட்பார்களா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். காப்பீட்டில் நம் பொறுப்பாக நிற்கும் தொகையும் பெரிய வண்டிக்குப் பெரியதே. எல்லாவற்றையும் கூட்டியபோது எங்கள் ஐந்து இரவுகளின் அன்றாடச் செலவும் ஏழு இரவுகளின் அன்றாடச் செலவும் பத்தில் ஒரு பங்குக்குள்தான் வேறுபட்டன; மலிவாக இருந்தது கார்தான். இரண்டு குழந்தைகள், நான்கு படுக்கை, கூட்டமில்லாத பருவம் என்றால் இந்தக் கணக்கு மாறலாம். ஆனால் 'தங்கும் செலவு மிச்சம்' என்று மட்டும் எண்ணிக் கேம்பர்வேனை எடுத்தால் ஏமாற்றம்தான்.

ஓட்டுவதைப் பற்றி நம்மவர்கள் தேவைக்கு மேல் அஞ்ச வேண்டியதில்லை. நம்மைப் போலவே இடப்பக்கம், ஸ்டியரிங் வலப்பக்கம், ஆங்கிலத்தில் அச்சிட்ட நம் ஓட்டுநர் உரிமம் சுற்றுலாப் பயணிக்கு அங்கே செல்லும். ஊருக்குள் பெரும்பாலும் 50, வெளியே 100 கிலோமீட்டர் என்பது வேக வரம்பு. 3,500 கிலோவுக்கு மேற்பட்ட வண்டிக்கு 90. பழக வேண்டியவை ரவுண்டானாவில் வலப்பக்கம் வருபவருக்கு விட்டுக்கொடுப்பதும், ஒற்றை வழிப் பாலங்களும்தாம். பாலத்துக்கு முன் உள்ள பலகையில் நம் பக்கத்து அம்பு சிறியதாகவும் சிவப்பாகவும் இருந்தால் நாம் நிற்க வேண்டும். காரில் இவையெல்லாம் ஒரு நாளில் கைவந்துவிடும். உயரமான கேம்பர்வேனிலோ, ட்வைசல் பக்கத்துச் சமவெளியில் வடமேற்குக் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையைக்கூட எடுக்க முடியாது. பின்னால் நான்கைந்து வண்டிகள் சேர்ந்துவிட்டால் ஒதுங்கி வழிவிட வேண்டும். அதற்கு இடம் தேடுவதே அன்றைய வேலையாகிவிடும்.

இனி கார் வழி. இதைப் பற்றிப் பேசும்போது 'மோட்டல்' என்ற சொல்லே பலரைத் தவறான படத்துக்குக் கொண்டுபோகிறது. நியூசிலாந்து மோட்டல் என்பது பெரும்பாலும் ஒரு சிறு குடித்தனப் பகுதி: கதவுக்கு நேர் முன்னால் காரை நிறுத்தலாம், உள்ளே அடுப்பு, குளிர்ப்பெட்டி, பாத்திரங்களோடு சமையல் மேடை, ஒரு படுக்கையறையும் கூடமுமாக உள்ள அறைகள் எளிதில் கிடைக்கும், சாவி வாங்கும்போதே ஒரு சிறிய பால் டப்பாவைக் கையில் கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் இன்னும் இருக்கிறது. குழந்தைக்கு மடக்குத் தொட்டில் வேண்டுமென்றால் முன்பே சொல்லிவைத்தால் போதும். ஹோட்டல் அறையில் இவை எதுவும் இராது, விலையும் கூடுதல். குழந்தையோடு போகிறவர்கள் ஹோட்டல்களின் பக்கமே பார்க்க வேண்டாம் என்பது என் கருத்து.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. கேம்பர்வேன்கள் போய் நிற்கும் அதே ஹாலிடே பார்க்குகளில், மர அறைகளும் சமையல் வசதியோடு கூடிய தனிப் பகுதிகளும் வாடகைக்கு உண்டு. காரில் வந்து அவற்றில் தங்கினால், கேம்பர்வேன் வாழ்க்கையில் குழந்தைகளுக்கு உண்மையிலேயே பிடிக்கும் பகுதி, அதாவது புல்வெளி, ஊஞ்சல், குதித்து விளையாடும் காற்று மெத்தை, மற்ற நாட்டுக் குழந்தைகள், எல்லாம் கிடைத்துவிடுகின்றன. கழிப்பறைப் பெட்டியைச் சுமக்கும் வேலை மட்டும் இல்லை. எங்கள் மகளுக்கு இன்றும் நினைவில் இருப்பது அந்த மெத்தைதான். மவுன்ட் குக் என்ற பெயரைச் சொன்னால் விழிக்கிறாள்.

சமையல் பற்றித் தமிழ்க் குடும்பங்களுக்குத் தனியே சொல்ல வேண்டும். நியூசிலாந்தின் உயிரியல் பாதுகாப்புச் சோதனை கண்டிப்பானது. உணவுப் பொருள் எதுவாக இருந்தாலும் வருகைப் படிவத்தில் அறிவித்துவிட வேண்டும். அறிவித்த பொருளை அவர்கள் எடுத்துக்கொண்டாலும் அபராதம் இல்லை. அறிவிக்காமல் பையில் ஓர் ஆப்பிள் இருந்தால்கூட 400 நியூசிலாந்து டாலர் அந்த இடத்திலேயே கட்ட வேண்டியதுதான். குழந்தைக்கென்று விமானத்தில் கொடுத்த பழத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு இறங்குவதுதான் வழக்கமான தவறு. தேனையும் பச்சைக் காய்கறி பழங்களையும் வீட்டிலேயே விட்டுவிட்டு, அரிசி, பருப்பு, பொடி வகைகளைக் கிறைஸ்ட்சர்ச்சில் உள்ள இந்திய மளிகைக் கடைகளில் வாங்கிக்கொள்வது நிம்மதி. மோட்டல் அடுப்பில் குழைய வைத்த பருப்புச் சாதமும் ரசமும் சாதாரண விஷயம். கேம்பர்வேனில் கடுகு தாளித்தால், தலைக்கு மேலிருக்கும் புகை எச்சரிக்கைக் கருவி அலறும். அது அடங்கிய பிறகும் தாளித்த வாசனை மெத்தையிலும் திரையிலும் மூன்று நாள் நிற்கும்.

கார் என்று முடிவு செய்தபின் அதற்குள்ளேயே இன்னொரு தேர்வு இருக்கிறது. என்னைக் கேட்டால் வண்டித் தேர்வைவிட இது முக்கியம். தினம் ஓர் ஊராக நகர்ந்துகொண்டே இருப்பதா, அல்லது இரண்டு மூன்று ஊர்களில் மூன்று நான்கு இரவுகள் தங்கி அங்கிருந்து போய்வருவதா? வரைபடத்தில் தென் தீவு சிறியது போல் தோன்றும். கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து டெக்கபோவுக்குச் சுமார் 225 கிலோமீட்டர், மூன்று மணி நேரம் என்று காட்டும். குழந்தையோடு அது ஐந்து மணி நேரம்: ஜெரால்டினில் ஒரு நிறுத்தம், ஃபேர்லியில் ஒரு நிறுத்தம், வழியில் செம்மறிக் கூட்டம் தெரிந்தால் இன்னொன்று. வரைபடம் காட்டும் நேரத்தோடு பாதியைக் கூட்டிக்கொள்வதும், ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் வரைபட நேரம் வராமல் பார்த்துக்கொள்வதும் எங்களுக்கு ஒத்துவந்த கணக்கு. தினம் ஓர் ஊர் என்றால் காலையில் பெட்டி கட்டுவதிலும் மாலையில் பெட்டி பிரிப்பதிலும் குழந்தையின் நல்ல நேரம் போய்விடும். பத்து மணிக்கு அறையைக் காலி செய்து, இரண்டு மணிக்குத்தான் அடுத்த அறை கிடைக்கும் என்ற இடைவெளி, சரியாக மதியத் தூக்க நேரத்தில் வந்து விழுகிறது. கேம்பர்வேனுக்கு இந்தத் தொல்லை இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் மூன்று இரவுகள் ஒரே அறையில் தங்கினால் காருக்கும் அது இல்லாமல் போகிறது.

முதல் இரண்டு இரவுகளைக் கிறைஸ்ட்சர்ச்சிலேயே கழித்துவிடுவது நல்லது. சிங்கப்பூர் வழியாக வந்தால் அங்கிருந்து மட்டும் பத்து மணி நேர விமானம்; இறங்கிய நாளே ஓட்டுவது ஆபத்து. ஊருக்கு நடுவே 2015 இல் திறந்த மார்கரெட் மாஹி விளையாட்டுத் திடல் இருக்கிறது. பயணக் களைப்பில் சிணுங்கும் குழந்தைக்கு அதைவிட நல்ல மருந்து நகரத்தில் வேறில்லை. அடுத்த தங்குமிடமாக டெக்கபோவைவிட நான் ட்வைசலைச் சொல்வேன். 1968 இல் நீர்மின் திட்டத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய ஊர் என்பதால் பார்க்க எளிமையானது, ஏரிக்கரையும் அல்ல. ஆனால் அறை வாடகை குறைவு, மளிகைக் கடை நடக்கும் தூரம், மவுன்ட் குக் கிராமம் 65 கிலோமீட்டர்தான். மலை மேகத்தில் மறைந்திருந்தால் அன்று போகாமல் மறுநாள் போகலாம். தினம் நகரும் திட்டத்தில் இந்த வசதி கிடையாது. மேகம் வந்த நாள் போனதுதான்.

லிண்டிஸ் கணவாயைக் கடந்து தெற்கே வந்ததும் வனாகாவா குயின்ஸ்டவுனா என்ற கேள்வி வரும். குயின்ஸ்டவுனில் 1912 ஆம் ஆண்டின் நீராவிக் கப்பலான எர்ன்ஸ்லா, மலையுச்சிக்குக் கம்பிவடப் பெட்டி என்று குழந்தைக்கான காட்சிகள் கூடுதல். நெரிசலும் வாகன நிறுத்தத் தேடலும் அதே அளவு கூடுதல். வனாகா அமைதியானது. இரண்டுக்கும் நடுவே 1,076 மீட்டர் உயரத்தில் ஏறி இறங்கும் கிரவுன் ரேஞ்ச் சாலையை, வழி குறைவு என்பதற்காகக் குழந்தையோடு தேர்ந்தெடுக்க வேண்டாம். அதன் கொண்டை ஊசி வளைவுகளில் எங்கள் மகள் காலையில் சாப்பிட்டதை எல்லாம் திருப்பித் தந்தாள். குரோம்வெல் வழி நாற்பது கிலோமீட்டருக்கு மேல் சுற்று. ஆனால் டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் அங்கே சாலையோரத்திலேயே செர்ரிப் பழம் விற்பார்கள்.

செங்குத்தான மலைகளுக்கு நடுவே கடல் புகுந்து நிற்கும் மில்ஃபோர்டு சவுண்டில்தான் தவறான முடிவுகள் மிகுதியாக எடுக்கப்படுகின்றன. குயின்ஸ்டவுனிலிருந்து அது சுமார் 290 கிலோமீட்டர். ஒரு வழிக்கு மட்டும் நான்கு மணி நேரம். ஒரே நாளில் போய்வரும் பேருந்துப் பயணங்கள் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். பெரியவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்துவிடலாம். மூன்று வயதுக் குழந்தையை அப்படி உட்கார வைப்பது அதற்கும் தண்டனை, பேருந்தில் உள்ள மற்றவர்களுக்கும் தண்டனை. டெ அனாவில் இரண்டு இரவுகள் தங்கினால், அங்கிருந்து 118 கிலோமீட்டர். காலையில் எரிபொருளை நிரப்பிக்கொண்டு புறப்பட்டு, எக்லிண்டன் பள்ளத்தாக்கிலும் கண்ணாடி ஏரிகளிலும் குழந்தையை ஓட விட்டு, 1.2 கிலோமீட்டர் நீள ஹோமர் சுரங்கப் பாதையைக் கடந்து படகுச் சவாரிக்குப் போய்விடலாம். பக்கவாட்டுப் பாறை கரடுமுரடாகத் தெரியும் அந்த இருட்டுச் சுரங்கம் எங்கள் மகளுக்குப் படகைவிடப் பிடித்திருந்தது. அங்கே ஆண்டுக்கு 6,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மழை நாளில் போக நேர்ந்தால் வருந்த வேண்டாம், மலைச் சுவர் முழுவதும் அருவிகளாகும். சாண்ட்ஃபிளை என்னும் கடி ஈக்களுக்கு மட்டும் முழுக்கைச் சட்டை வேண்டும். மறுநாள் ஓய்வாக, டெ அனாவ் ஏரிக்கரைப் பறவைக் காப்பகத்தில் தக்காஹே பறவையைப் பார்க்கலாம். அற்றுப்போய்விட்டதாக எண்ணியிருந்து 1948 இல் இதே மலைகளில் மீண்டும் கண்டறியப்பட்ட, பறக்க இயலாத நீலப் பறவை அது.

மேற்குக் கடற்கரையை இந்த வயதில் விட்டுவிடலாம். வனாகாவிலிருந்து ஃபிரான்ஸ் ஜோசஃப் பனிப்பாறை ஊர் வரை 280 கிலோமீட்டருக்கு மேல் வளைவுச் சாலை. பனிப்பாறைகளோ பின்வாங்கிக்கொண்டே போய், இன்று தொலைவிலிருந்து பார்க்கும் காட்சிகளாகிவிட்டன. கனமழையில் அந்த ஒரே சாலை மூடினால் திரும்பவும் வழியில்லை. நீண்ட ஓட்டத்தைத் தவிர்க்க வேண்டும் என்ற அதே காரணத்தால், கிறைஸ்ட்சர்ச்சில் தொடங்கிக் கிறைஸ்ட்சர்ச்சிலேயே முடிக்கும் வட்டத்தைவிட, குயின்ஸ்டவுனில் காரை ஒப்படைத்து அங்கிருந்தே விமானம் ஏறுவது மேல். வேறு ஊரில் ஒப்படைப்பதற்குக் கட்டணம் கேட்கலாம். கிட்டத்தட்ட 480 கிலோமீட்டர் திரும்பி ஓட்டும் ஒன்றரை நாள் மிச்சமாவதை எண்ணினால் அது பெரிதல்ல.

இவ்வளவுக்குப் பிறகும் கேம்பர்வேனை எடுக்கத் தக்கவர்கள் உண்டு. ஆறு ஏழு வயதுக்கு மேற்பட்ட இரண்டு குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு அதுவே சிறந்தது என்பேன்: அவர்களுக்குப் பக்கத்தில் பெரியவர் உட்கார வேண்டியதில்லை, ஒன்பது மணிக்கு வெளிச்சம் இருந்தால் விளையாடுவார்கள், மேல்கட்டிலில் ஏறிப் படுப்பதே திருவிழா. ஒரு வயதுக்குட்பட்ட, எங்கும் தூங்கும் குழந்தைக்கும் அது ஓரளவு ஒத்துவரும். இரண்டு முதல் ஐந்து வயது வரையில்தான் அது பொருந்தாமல் போகிறது. தாத்தா பாட்டியும் உடன் வருவதாக இருந்தால் வயதுக் கணக்கே தேவையில்லை. செங்குத்தான படிக்கட்டும், நடு இரவில் எல்லாரையும் தாண்டிப் போக வேண்டிய கழிப்பறையும் அவர்களுக்கு ஆகாது. இரண்டு படுக்கையறை மோட்டல் பகுதியே சரி.

கார் என்று தீர்மானித்தவர்கள் முன்பதிவை வழக்கத்துக்கு மாறான வரிசையில் செய்ய வேண்டும். விமானம், கார், அறை என்று போகாமல், முதலில் டெ அனாவில் இரண்டு இரவுகளுக்குத் தனிப் படுக்கையறையுள்ள மோட்டல் கிடைக்கும் தேதியைப் பாருங்கள். ஊர் சிறியது, அப்படிப்பட்ட அறைகள்தாம் முதலில் தீர்கின்றன. அடுத்து ட்வைசல், அதற்கடுத்து குயின்ஸ்டவுன் அல்லது வனாகா. அந்தத் தேதிகளுக்கு ஏற்ப விமானம். கார் கடைசியில் போதும், குழந்தை இருக்கையின் விவரத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு.